காது கொடுக்கும் கருவி

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு செல்லும் சாலையை விட்டு உள்ளே சிறிது தூரம் தள்ளியிருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 31 குழந்தைகள். தலைமையாசிரியர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, முதல் மூன்று வகுப்புகளைச் சேர்ந்த 19 குழந்தைகள் ஒரே அறையில் என்னிடம் அமர்கிறார்கள். இவர்களில் சிலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சிலர் உருது பேசுகிறவர்கள், மற்றவர்கள் எங்கள் வட ஆர்க்காட்டுத் தமிழ் பேசுகிறவர்கள். அப்பாக்கள் தறி ஓட்டுகிறார்கள் அல்லது நிலத்தில் வேலை செய்கிறார்கள். அம்மாக்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்கள். இந்த அறையில் டேப் என்று எல்லோரும் சொல்லும் கையடக்கக் கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்தேன், எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். கோடை விடுமுறை தொடங்கிவிட்டதால் இப்போது உட்கார்ந்து எழுத முடிகிறது.

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டமும், 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் திட்டமும் 2024ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பே, 2018இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின் நூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைத் தீக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் வருடினால் பாடத்துக்குரிய காணொலி திறக்கும். வருட முடியாவிட்டால் குறியீட்டின் அடியிலுள்ள ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்தாலும் திறக்கும் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியாது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆகவே எங்களைப் போன்ற பள்ளிகளுக்குத் திரை புதிதல்ல. ஆனால் அந்தத் திரை குழந்தையின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது இப்போதுதான்.

எங்களிடம் இருப்பவை நான்கு கருவிகள். ஆசிரியர்களாகிய எங்கள் இருவருக்கும் வழங்கப்பட்ட டேப்புகள் இரண்டு. ராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் சிம் அட்டை இல்லாமல் கொடுத்த பழைய கைப்பேசிகள் இரண்டு. இந்த நான்கை வைத்துக்கொண்டுதான் மூன்று வகுப்புகளையும் ஓட்ட வேண்டும்.

முதல் சில மாதங்கள் நானும் எல்லோரையும் போலக் காணொலிகளையே காட்டினேன். மழை எப்படிப் பெய்கிறது, பட்டாம்பூச்சி எப்படிப் பிறக்கிறது, யானை எப்படிக் குளிக்கிறது என்று தேடி எடுத்துக் காட்டினால், பத்தொன்பது தலைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திரையை நோக்கிச் சாயும். அறையில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியைக் கண்டு பாடம் நன்றாக நடக்கிறது என்று நான் நம்பினேன். ஒரு நாள் பட்டாம்பூச்சியின் வாழ்க்கையைப் பற்றி எட்டு நிமிடக் காணொலி ஒன்றைக் காட்டிவிட்டு, மறுநாள் காலையில் அதில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பூச்சி பறந்துச்சு டீச்சர்" என்றாள் ஒருத்தி. "பாட்டு வந்துச்சு" என்றான் இன்னொருவன். கூட்டுப்புழுவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதே வாரத்தில், பள்ளிச் சுவரோரம் இருக்கும் எருக்கஞ்செடியில் வரி வரியாக நெளிந்த புழுவை இலையோடு கிள்ளிவந்து கண்ணாடிப் புட்டியில் போட்டு மேலே துணி கட்டி வைத்தோம். அது இலையைத் தின்றதையும், தலைகீழாகத் தொங்கியதையும், பச்சைக் கூடாக மாறியதையும் இன்றுவரை அவர்கள் விடாமல் சொல்கிறார்கள். காணொலியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தபோது குழந்தைகள் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்து விளையாட்டுச் செயலிகளுக்கு வந்தேன். படத்தைக் காட்டி, கீழே மூன்று சொற்களைக் கொடுத்து, சரியானதைத் தொடச் சொல்லும் வகை. தொட்டதும் நட்சத்திரம் மின்னும், மணி ஒலிக்கும். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருபதுக்கு இருபது எடுத்து வந்து காட்டினான். மகிழ்ந்துபோய் அதே சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். மூன்று சொற்களுக்கு மேல் அவனால் படிக்க முடியவில்லை. பிறகு அவன் பின்னால் அமர்ந்து கவனித்தபோதுதான் விளங்கியது. முதல் சொல்லைத் தொடுவான், சிவப்பு வந்தால் இரண்டாவது, அதுவும் சிவப்பானால் மூன்றாவது. எல்லாம் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். அவனைக் குறை சொல்வதற்கில்லை. அந்தச் செயலி அவனிடம் கேட்டது விரலை. அவனும் விரலைத்தான் கொடுத்தான். அன்றிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் எந்தச் செயலியின் மதிப்பெண்ணையும் நான் மதிப்பீட்டுக் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.

மாற்றம் தற்செயலாக வந்தது. அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் தருவதற்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அவர்கள் வகுப்பைப் பார்க்காமல், அவர்கள் நிற்கும் படியைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். 2022 ஜூனில் இத்திட்டம் தொடங்கியதிலிருந்து என்னைப் போன்ற ஆசிரியருக்கு இருக்கும் பெரிய நெருக்கடி நேரம்தான். மலர்க் குழுவுக்கு எழுதக் கொடுத்துவிட்டு, மொட்டுக் குழுவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது, அரும்புக் குழுவின் ஒவ்வொரு குழந்தையும் வாய்விட்டுப் படிப்பதை யார் கேட்பது? ஒரு குழந்தைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலும் அன்றைய நேரம் போதாது. ஒரு நாள் வேறு வழியின்றி, டேப்பில் குரல் பதியும் செயலியைத் திறந்து, மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தியிடம் கொடுத்து, "தாழ்வாரத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் படித்துப் பதிந்து வை, சாயங்காலம் கேட்கிறேன்" என்று அனுப்பினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவாகும், மறுபடி அழுத்தினால் நிற்கும் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டியவள் இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தூணோரம் கால் நீட்டி அமர்ந்து, டேப்பைக் காதோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புத்தகம் மடியில் திறந்திருந்தது. ஒரு விரல் வரியின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் விரல் நின்றது. பதிவை நிறுத்தினாள், முகத்தைச் சுளித்தாள், அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். என்னைப் பார்த்ததும், "இன்னொருவாட்டி டீச்சர், ஒரு எடத்துல முழுங்கிட்டேன்" என்றாள். அன்று ஒரே பத்தியை அவள் ஆறு முறை படித்திருக்கிறாள். நான் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு முறைதான் படித்திருப்பாள். முழுங்கிய இடத்தை நான் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவளும் ஆமோதித்துவிட்டுப் போயிருப்பாள்.

அதுவரை டேப்பைக் காட்டும் கருவியாகவே வைத்திருந்த நான், அதற்குக் காது இருப்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். அதன் பிறகு எங்கள் வகுப்பில் டேப் செய்யும் முதன்மையான வேலை குழந்தைகள் சொல்வதைக் கேட்பது. ஒரு குழு கருவிகளோடு இருக்கும்போது மற்ற இரண்டு குழுக்களும் புத்தகத்தோடும் சிலேட்டோடும் இருப்பார்கள். ஒரு கருவிக்கு இரண்டு பேர். ஒருவர் படிக்க, ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டுப் புத்தகத்தில் வரியைத் தொடர்ந்து வருவார். இரண்டு பேராக அமர்த்தியதற்குக் காரணம் கருவிகளின் பற்றாக்குறை மட்டுமன்று. தனியாக அமரும் குழந்தை கருவிக்குள் போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு தோழி இருந்தால் பேச்சு புத்தகத்தைச் சுற்றியே நடக்கிறது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ழ' நாவில் நிற்பதில்லை. 'பழம்' என்பது 'பயம்' என்றோ 'பளம்' என்றோதான் வரும். தெலுங்கும் உருதும் பேசும் குழந்தைகளுக்கு அந்த ஒலி வீட்டிலேயே இல்லை. வீட்டுப் பேச்சைத் தவறு என்று குழந்தையிடம் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. பாட்டியும் அம்மாவும் பேசும் பேச்சு தவறு என்று பள்ளிக்கூடம் சொன்னால், குழந்தை ஒன்று வாயை மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் வீட்டை மதிக்காமல் போகும். எனவே பல ஆண்டுகளாக நான் சொல்லிக் காட்ட, அவர்கள் திருப்பிச் சொல்ல, இரண்டு பேர் காதுக்கும் அது ஒன்றுபோலவே கேட்டுக்கொண்டிருந்தது. பதிவு வந்தபின் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் குரலில் 'வாழைப்பழம்' என்றும், அதன் பின்னே அவன் குரலில் அதே சொல்லையும் பதிந்து கேட்டுக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுவன், "இன்னா டீச்சர், நான் பயம்னா சொல்றேன்?" என்று வியந்து கேட்டான். நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று அவனே வந்து கேட்டபிறகு கற்பிப்பது எளிதாக இருந்தது. வீட்டில் அவன் இன்னமும் 'பயம்' என்றுதான் சொல்கிறான். புத்தகத்தைப் படிக்கும்போது 'பழம்' என்கிறான். இரண்டும் அவனுடையவை.

பதிவுகளை வீட்டுக்கு அனுப்பும் யோசனை ஒரு தாயிடமிருந்து வந்தது. அவர் பீடி சுற்றுபவர். பிள்ளையின் குறிப்பேட்டைக் காட்டி நான் முன்னேற்றத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் தயங்கித் தயங்கி, "அவ எழுதுனது எனக்கு ஒன்னும் புரியாது டீச்சர். அவ படிக்கிறத கேட்டா தெரியும். ஆனா படிக்கச் சொன்னா என்கிட்ட வெக்கப்படுறா" என்றார். அன்று மாலை அவருடைய வாட்ஸ்அப்புக்கு மகளின் குரல் பதிவை அனுப்பினேன். மறுநாள் பள்ளி வாசலிலேயே காத்திருந்தார். மடியில் முறத்தை வைத்து, இலையில் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டும் வேலையில் கண்ணும் கையும் ஓயாது. காது மட்டும் சும்மாதான் இருக்கிறது. வழக்கமாகத் தொலைக்காட்சித் தொடர் ஓடும் அந்த நேரத்தில், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து மகள் படித்ததை நான்கு முறை கேட்டதாகவும், பக்கத்து வீட்டில் சுற்றும் பெண்களும் கூடிக் கேட்டதாகவும் சொன்னார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு குழந்தையின் ஒரு நிமிடப் பதிவையும் அந்தந்த வீட்டுக்கு மட்டும் தனித்தனியே அனுப்புகிறேன். பொதுக் குழுவில் போடுவதில்லை. சமூக ஊடகங்களில் போடுவதில்லை. குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், ஒரு குழந்தை திக்கித் திக்கிப் படிக்கும் குரல் அதன் தாய்க்கு மட்டுமே உரியது என்றுதான் நான் கருதுகிறேன்.

பேசவே பேசாத ஒரு சிறுவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் தந்தை தறியில் லுங்கி நெய்பவர். ஒரு மாலை, பள்ளி முடிந்ததும் அவனையும் வேறு மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அந்தத் தறிவீட்டுக்குப் போனேன். டேப்பை அவன் கையிலேயே கொடுத்து, தறியில் இருக்கும் ஒவ்வொன்றின் பெயரையும் அப்பாவைக் கேட்டுப் பதியச் சொன்னேன். குழிக்குள் காலை விட்டு அமர்ந்திருந்தவர் தறியை நிறுத்திவிட்டு, மகன் கை காட்டக் காட்டச் சொன்னார்: பாவு, ஊடை, நாடா, தார், அச்சு, விழுது, மிதி. மறுநாள் வகுப்பில் பதிவை ஓடவிட்டு, கேட்ட சொற்களை எழுதச் சொன்னேன். கரும்பலகையில் நான் 'நாடா' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு முடிச்சுக் கயிற்றை வரையத் தொடங்கினேன். பின்னாலிருந்து அந்தச் சிறுவனின் குரல் வந்தது: "அது கட்ற நாடா இல்ல டீச்சர். இது ஓட்ற நாடா." எழுந்து வந்து, படகு போன்ற வடிவத்தில் அவனே வரைந்து காட்டி, உள்ளே தார் எங்கே உட்காரும் என்பதையும் சொன்னான். அந்த ஆண்டு அவன் வகுப்பின் முன்னால் நின்று பேசிய முதல் சொற்கள் அவை. இப்போது எங்களிடம் 'எங்க ஊர் சொற்கள்' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. தறி, பீடி, கழனி, சமையல், விளையாட்டு என்று அதில் குழந்தைகள் சேர்த்த ஒலிப்பதிவுகள் கூடிக்கொண்டே போகின்றன. தெலுங்குச் சொற்களும் உருதுச் சொற்களும் அவற்றில் உண்டு.

இதையெல்லாம் நான் செய்துகொண்டிருந்த காலத்தில், கல்வியில் தொழில்நுட்பம் குறித்து உலக அளவில் என்ன சொல்கிறார்கள் என்றும் தேடிப் படித்தேன். பள்ளிகளில் கணினிக்குப் பெருமளவு செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணக்கிலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்று ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைப்படி வருகிறது என்ற கேள்வியையே யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை தலைப்பாக வைத்தது. மறுபுறம், கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் டெல்லியில் நடுநிலை வகுப்பு மாணவர்களிடையே நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி நேரத்துக்குப் பின் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளில் பயின்றவர்கள் நாலரை மாதத்திலேயே கணக்கிலும் இந்தியிலும் கணிசமாக முன்னேறியதைக் காட்டியது. அந்த மென்பொருள் வகுப்பின் பாடத்தைத் தொடங்கும் முன்பே குழந்தைக்கு என்ன தெரியும் என்பதைக் கண்டறிந்து, அந்தப் படியிலிருந்து பாடத்தைக் கொடுத்தது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தபோது எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான்: கருவி முதலில் குழந்தையிடம் கேட்க வேண்டும், பிறகே சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் அத்தகைய மென்பொருள் இல்லை. குரல் பதிவு இருக்கிறது. சாயங்காலம் அதைக் கேட்டு, நாளைக்கு யார் எந்தப் படியில் அமர வேண்டும் என்று முடிவு செய்ய நான் இருக்கிறேன். பேருந்தில் வீடு திரும்பும் நேரம் எனக்கு இப்போது அதற்குத்தான் போகிறது.

எழுத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் எனக்கு எதிர்பாராத பயன் கிடைத்தது. முதல் வகுப்புக் குழந்தை கண்ணாடித் திரையில் விரலால் எழுதிப் பழகுவதை நான் விரும்பவில்லை. 'ண' மூன்று சுழி, 'ன' இரண்டு சுழி என்பது கையின் அழுத்தத்தால் மனத்தில் பதிய வேண்டியது. மணலிலும் சிலேட்டிலும் கை உராய்கிறது, கண்ணாடியில் வழுக்குகிறது. ஆகவே கையெழுத்து முழுவதும் சிலேட்டிலும் குறிப்பேட்டிலுமே நடக்கிறது. ஆனால் உயிர்மெய்யைப் புரிந்துகொள்ள வேண்டிய மூன்றாம் வகுப்புக்குத் தட்டச்சு ஓர் அருமையான துணை. 'கொ' என்று கையால் எழுதும்போது குழந்தை முதலில் ஒற்றைக் கொம்பைப் போடுகிறது, பிறகு 'க', பிறகு துணைக்கால். கண்ணுக்கு மூன்று துண்டுகள். ஒலியோ 'க்' என்ற மெய்யும் 'ஒ' என்ற உயிரும். இந்த இரண்டுக்கும் இடையில் குழந்தை தடுமாறுவதை நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துவருகிறேன்.

தமிழ்த் தட்டச்சுக்கான தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் இருக்கும். 'க' தட்டி 'ஒ' தட்டினால் 'கொ' வந்துவிடும். கொம்பையும் காலையும் விசைப்பலகையே தக்க இடத்தில் பொருத்திவிடும். செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் இந்த அமைப்பு இருக்கிறது. மலர்க் குழுக் குழந்தைகள் ஐந்து பேரிடம் இதைக் கொடுத்து, தங்கள் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். பிறகு ஆறு சொற்களைக் கொடுத்தேன்: குரங்கு, மஞ்சள், நண்டு, பந்து, பாம்பு, கன்று. பந்துக்கு 'ப', 'ந', 'த', 'உ' என்று தட்டியதும் 'ந' தானாகவே புள்ளி வைத்துக்கொண்டு 'ந்' ஆனதைக் கண்டு கூவினார்கள். நண்டிலும் அப்படியே. பாம்பிலும் அப்படியே. இனமான மெல்லினத்தை அடுத்து வல்லினம் வந்தால் புள்ளியை விசைப்பலகையே இடும் என்ற விதியை நான் சொல்லவில்லை. ஆறு சொற்களையும் முடித்தபின், "ங-வும் க-வும் ஜோடி, ஞ-வும் ச-வும் ஜோடி" என்று ஒரு பெண் குழந்தை தரையில் சுண்ணக்கட்டியால் எழுத ஆரம்பித்தாள். இன எழுத்துகளைப் பல ஆண்டுகள் மனப்பாடமாக ஒப்பிக்கவைத்த எனக்கு அந்தத் தரை எழுத்தைப் பார்க்கக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் இன்னும் சிறப்பான ஒன்று நடந்தது. 'பப்பாளி' என்று தட்டச்சு செய்ய முயன்ற சிறுவனுக்கு, முதல் இரண்டு 'ப'வும் சேர்ந்து 'ப்ப' என்று நின்றுவிட்டது, ஏனெனில் ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும் முன்னதற்குப் புள்ளி விழும். அழித்துத் திரும்பத் தட்டினான், மறுபடியும் 'ப்ப'. கருவி கெட்டுப்போனதோ என்று என்னிடம் கொண்டுவந்தான். "முதல் எழுத்தில் என்ன உயிர் கேட்கிறது, சொல்லிப் பார்" என்று மட்டும் சொன்னேன். 'ப... ப... ப்...அ' என்று முணுமுணுத்தான். இடப்பக்கம் போய் 'அ'வைத் தட்டினான். முதல் 'ப' புள்ளியில்லாமல் நின்றது. அகரம் ஏறிய மெய்யில் அடையாளம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் 'ப'வுக்குள் ஓர் 'அ' ஒளிந்திருக்கிறது என்பதைக் குழந்தைக்குப் புரியவைப்பது கடினம். அவன் அதைத் தன் விரலாலேயே கண்டுபிடித்துவிட்டான்.

அறிவியலில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. தட்டைப்பயறு முளைப்பதைத் தினமும் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வரிசையாகப் புரட்டிப் பார்ப்பது, கொடிக்கம்பத்தின் நிழலை மணிக்கொரு முறை படம் பிடித்து அளப்பது, மழைக்காலத்தில் பட்டாசுக்காயை நீரில் போட்டு அது வெடிப்பதை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பது, இவைபோன்றவற்றுக்குப் படக்கருவி நன்றாக உதவுகிறது. வெறும் கண்ணுக்கு எட்டாத வேகத்தையோ நாட்கணக்கான மந்தத்தையோ அது பிடித்துத் தருகிறது. மற்றபடி செடியும் புழுவும் கல்லும் வாசலிலேயே இருக்கும்போது அவற்றின் படத்தைக் காட்டுவது வீண்.

கதைகளுக்கு, குழந்தைகள் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற இணையதளம் எனக்குப் பெரிய உதவி. 2015 முதல் இயங்கும் அந்தத் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்புப் படிநிலைப்படி இருக்கின்றன. உரிமம் திறந்த உரிமம் என்பதால் இறக்கிச் சேமிக்கவும் அச்சிடவும் தடையில்லை. குடியாத்தத்தில் இணையம் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை இறக்கிவைத்துக்கொண்டு வருவேன். எங்கள் பள்ளியில் வேப்பமரத்தடிக்கு வந்தால்தான் சமிக்ஞை கிடைக்கும். ஆகவே வகுப்பில் இணையத்தை நம்பிச் செய்யும் எந்தப் பாடத்தையும் நான் திட்டமிடுவதில்லை. இன்னொன்று, தானாக அடுத்த காணொலிக்குத் தாவும் வசதியும் விளம்பரமும் இணையத்தோடுதான் வருகின்றன. இணையம் இல்லாத டேப்பில் குழந்தை நான் வைத்ததை மட்டுமே பார்க்கும்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் பிறந்துவிட்டால் மதியத்துக்குமேல் கருவி தொடமுடியாத அளவுக்குச் சுடுகிறது, தானே அணைந்தும்விடுகிறது. அதனால் கருவிப் பாடம் எல்லாம் காலை உணவு முடிந்த முதல் இரண்டு பாடவேளைகளுக்குள் அடங்கிவிடும். ஒரு குழந்தை ஒரு நாளில் பன்னிரண்டு நிமிடத்துக்குமேல் கருவியோடு இருப்பதில்லை, அதிலும் பாதி நேரம் கண் புத்தகத்தில்தான் இருக்கும். வீட்டில் அம்மா வேலை முடிக்கும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பள்ளியிலும் திரையைக் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. அந்தத் தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. சுற்றுகிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. குழந்தை ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தால்தான் முறம் நிறையும். 2021 நவம்பரில் தொடக்கப் பள்ளிகள் மறுபடி திறக்கும்வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேல், கைப்பேசியே பள்ளிக்கூடம் என்று நாம்தான் அவர்களிடம் சொன்னோம்.

சென்ற பிப்ரவரியில் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், மதிப்பெண் பட்டியலை வாசிப்பதற்கு மாறாக, ஒவ்வொரு குழந்தையும் ஜூனில் படித்த பதிவையும் ஜனவரியில் படித்த பதிவையும் அடுத்தடுத்து ஓடவிட்டேன். ஜூனில் 'அ...ணி...ல்' என்று எழுத்தெழுத்தாகக் கூட்டிய குரல், ஜனவரியில் ஒரு முழு வரியை நிறுத்தாமல் படித்தது. தறி ஓட்டும் அந்தத் தந்தையும் வந்திருந்தார். மகனின் இரண்டு பதிவுகளும் முடிந்ததும், முதலாவதை மறுபடி போடச் சொன்னார். அதில் பதினோரு விநாடி மௌனமும், பின்னர் ஒரே ஒரு சொல்லும்தான் இருந்தன. அவர் அதைத் தலைகுனிந்து கேட்டார். பிறகு இரண்டாவதையும் போடச் சொன்னார்.

வரும் ஜூனில் ஐந்து குழந்தைகள் முதல் வகுப்பில் சேரப் போகிறார்கள். அங்கன்வாடியில் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தேன்; இரண்டு பேர் தெலுங்கு, ஒருவர் உருது. பழைய கைப்பேசி ஒன்றில் நினைவகம் நிறைந்துவிட்டதால், காணொலிகளை எல்லாம் அழித்து, ஆளுக்கொரு கோப்புறை திறந்து அவர்கள் பெயரை இட்டு வைத்திருக்கிறேன்.